போபால் நிலத்தடி நீர்: நச்சு சிதைகிறதா, நகர்கிறதா?

போபால்: யூனியன் கார்பைடு ஆலை வளாகத்தில் 40 ஆண்டுகளாகக் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, 2025 ஜனவரி முதல் வாரத்தில் 12 கொள்கலன்களில் ஏற்றப்பட்டு, சுமார் 250 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிதாம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து, அங்குள்ள எரிப்பு ஆலையில் அது எரிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் அந்தப் பணி முடிவுக்கு வந்தது. பலத்த பாதுகாப்புடன் லாரிகள் புறப்பட்ட காட்சியை நாடே பார்த்தது. லாரியில் ஏற்ற முடியாத மாசு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஆலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளின் அடியில், நிலத்தடி நீரில் கரைந்துள்ள கரிம வேதிப்பொருட்களே அவை.

அந்த நீரின் இன்றைய நிலை என்ன என்ற கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் நீண்ட காலமாகச் சொல்லப்பட்டு வருகின்றன. ஆண்டுதோறும் பெய்யும் மழையும் மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளும் நச்சைச் சிறுகச் சிறுகக் குறைத்துவிடும் என்பது ஒன்று. நச்சு குறையவில்லை, புதிய பகுதிகளுக்குப் பரவிக்கொண்டிருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அறிவியலில் இடம் உண்டு. எது உண்மை என்பதைக் கிணற்று நீரை ஒருமுறை சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல்.

நீரில் என்ன இருக்கிறது?

1969-இல் இயங்கத் தொடங்கிய இந்த ஆலை, கார்பரில் என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்தது. அதன் உற்பத்தியில் கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டைகுளோரோபென்சீன் போன்ற குளோரின் கலந்த கரைப்பான்கள் பெருமளவில் பயன்படுத்தப்பட்டன. கார்பரிலுடன் லிண்டேன் கலந்த மற்றொரு பூச்சிக்கொல்லியும் அங்கு தயாரானது. கழிவுகளின் ஒரு பகுதி வளாகத்துக்குள்ளேயே பல இடங்களில் புதைக்கப்பட்டது. 1977 முதல் மற்றொரு பகுதி ஆலைக்கு வெளியே வடக்கில் அமைக்கப்பட்ட ஆவியாதல் குட்டைகளுக்கு அனுப்பப்பட்டது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் நிகழ்ந்த வாயுக் கசிவுக்கும் இந்த மாசுபாட்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. கசிவு நிகழாமல் இருந்திருந்தாலும் நிலத்தடி நீர் கெட்டிருக்கும்.

1999-இல் கிரீன்பீஸ் அமைப்பு வெளியிட்ட ஆய்வில், ஆலையை ஒட்டிய ஒரு கிணற்றில் ஒரு லிட்டர் நீருக்கு 3,410 மைக்ரோகிராம் கார்பன் டெட்ராகுளோரைடு இருந்தது தெரியவந்தது. உலக சுகாதார அமைப்பின் அன்றைய வரம்பு 2 மைக்ரோகிராம் மட்டுமே. பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குக் குழாய் மூலம் தூய நீர் வழங்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2004-இல் உத்தரவிட்டது. 2009-இல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், ஆலையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் எடுத்த நீரிலும் இதே வகை வேதிப்பொருட்களைக் கண்டறிந்தது. அதற்கு அடுத்த ஆண்டு அறிக்கை அளித்த தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி, நீர் மாசு சில கிணறுகளோடு நிற்கிறது என்று கூறியது. எனினும், சீரமைக்க வேண்டிய மண்ணின் அளவு 11 லட்சம் டன் என அதே அறிக்கை மதிப்பிட்டது.

இந்த ஆய்வுகள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கிணறுகளில், வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு வேதிப்பொருட்களைத் தேடிச் செய்யப்பட்டவை. அவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு போக்கு தெரியும் என்று எதிர்பார்ப்பது தவறு. நச்சு குறைந்ததாகக் காட்டவும் கூடியதாகக் காட்டவும் இரு தரப்புக்கும் இவற்றிலிருந்தே எண்கள் கிடைத்துவிடுகின்றன.

இயற்கை உண்மையிலேயே சுத்தம் செய்யுமா?

செய்யும் என்பதற்கு உலகில் மிக நீண்ட காலமாகக் கவனிக்கப்பட்டு வரும் சான்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள பெமிட்ஜி. 1979 ஆகஸ்ட் 20 அன்று அங்கு ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் எண்ணெய் வெளியேறியது. பெரும்பகுதி அகற்றப்பட்டபோதும், ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர் மண்ணுக்குள் தங்கிவிட்டது. அமெரிக்க புவியியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் அந்த இடத்தைத் திறந்தவெளி ஆய்வகமாகவே பயன்படுத்தி வருகிறது. 1990-களின் நடுப்பகுதிக்குள் நிலத்தடி நீர் அங்கு சுமார் 500 மீட்டர் நகர்ந்திருந்தது. ஆனால் அதில் கரைந்த எண்ணெய் மாசு ஏறத்தாழ 200 மீட்டரைத் தாண்டவில்லை. மண்ணில் இருந்த நுண்ணுயிரிகள் பென்சீன் உள்ளிட்ட சேர்மங்களை உணவாக்கிக்கொண்டதே இதற்கு முக்கியக் காரணம்.

நுண்ணுயிரிகளின் இந்தச் ‘சமையலுக்கு’ எரிபொருள் மட்டும் போதாது. மனிதனுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் தேவைப்படுவது போல, அவற்றுக்கும் ஏதேனும் ஒன்று வேண்டும். முதலில் நீரில் உள்ள ஆக்சிஜன் செலவாகிறது. அது தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மண்ணில் உள்ள மாங்கனீசும் இரும்பும், அதன்பின் சல்பேட் என அடுத்தடுத்துப் பயன்படுத்தப்படுகின்றன. எல்லாம் தீர்ந்தால் மீத்தேன் உருவாகத் தொடங்கும். ஆகவே மாசு பரவிய பாதையில் ஆக்சிஜனும் நைட்ரேட்டும் இல்லாமல் போய், கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியிருந்தால், அங்கு சிதைவு நடந்திருக்கிறது என்று கருத இடமுண்டு.

பெமிட்ஜி கற்பித்த இரண்டாவது பாடம் அவ்வளவு இனிப்பானது அல்ல. மண்ணில் இருந்த இரும்பை நுண்ணுயிரிகள் கரைத்தபோது, அந்த இரும்போடு ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் நீருக்குள் வந்தது. சில கிணறுகளில் அது குடிநீர் வரம்பைப் பல மடங்கு மீறியதாக 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு நச்சைச் சுத்தம் செய்யும் அதே செயல்முறை, பாறையில் உறங்கிக்கிடந்த மற்றொன்றை எழுப்பிவிட்டது. கங்கைச் சமவெளி முழுவதும் ஆர்செனிக்குடன் போராடும் இந்தியாவில், நிலத்தடியில் பெட்ரோலியம் கசியும் ஒவ்வோர் இடத்திலும் நினைவில் கொள்ள வேண்டிய விஷயம் இது.

குளோரின் சேர்ந்தால் கதை வேறு

பெட்ரோலியச் சேர்மங்கள் நுண்ணுயிரிகளுக்கு ஒப்பீட்டளவில் எளிய இரை. போபாலில் இருப்பவை பெரும்பாலும் குளோரின் கலந்தவை. இவற்றில் பல ஆக்சிஜன் இல்லாத சூழலில் மட்டுமே, குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாக இழந்து, படிப்படியாகச் சிதைகின்றன. ஒவ்வொரு படியிலும் ஒரு புதிய பொருள் உருவாகிறது. அது முந்தையதைவிட நல்லதாக இருக்கும் என்ற உறுதி கிடையாது.

உலர்சலவைக்கும் உலோகப் பாகங்களைச் சுத்தம் செய்யவும் பயன்படும் டெட்ராகுளோரோஎத்தீன் இதற்கு நன்கு அறியப்பட்ட உதாரணம். இது சிதையும்போது இடையில் வினைல் குளோரைடாக மாறுகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதி செய்யப்பட்ட பொருள் அது. அந்தப் படியையும் கடந்து தீங்கற்ற எத்தீனாக மாற்றும் நுண்ணுயிரியைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் அறிவித்தனர். அந்த வகை நுண்ணுயிரி இல்லாத இடங்களில் சிதைவு பாதி வழியிலேயே நின்றுவிடுவதுண்டு. அங்கு மூல நச்சின் அளவை மட்டும் அளப்பவர்களுக்கு நற்செய்தி கிடைக்கும்; அதே கிணற்று நீரைக் குடிப்பவர்களுக்கு ஆபத்து கூடியிருக்கும்.

போபாலில் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கார்பன் டெட்ராகுளோரைடு ஆக்சிஜன் இல்லாத சூழலில் சிதைந்தால் குளோரோஃபார்ம் உருவாகும். ஆலையைச் சுற்றிய கிணறுகளில் இரண்டும் கிடைத்துள்ளன. பாடநூலை மட்டும் படித்தவர், சிதைவு நடந்துகொண்டிருக்கிறது என்று மகிழ்ந்துவிடக்கூடும். ஆனால் மெத்தில் ஐசோசயனேட் தயாரிப்பில் குளோரோஃபார்மே கரைப்பானாகப் பயன்படுத்தப்பட்டது. கிணற்றில் உள்ள குளோரோஃபார்ம் நுண்ணுயிரி உருவாக்கியதா, ஆலையிலிருந்து நேராக வந்ததா என்பதை அளவை மட்டும் பார்த்துச் சொல்ல வழியில்லை.

அணுவின் எடையில் ஒரு தடயம்

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கடந்த இரு தசாப்தங்களில் ஒரு வலுவான கருவி பயன்பாட்டுக்கு வந்துள்ளது. கார்பன் அணுக்களில் சுமார் 99 சதவீதம் கார்பன்-12. எஞ்சிய ஏறத்தாழ 1 சதவீதம், சற்றே கனமான கார்பன்-13. இரண்டும் வேதியியலில் ஒன்று போலவே நடந்துகொள்கின்றன. ஆனால் கனமான அணு அமைந்த பிணைப்பை முறிக்க இம்மியளவு கூடுதல் ஆற்றல் வேண்டும். அதனால் நுண்ணுயிரிகள் இலகுவான மூலக்கூறுகளைச் சற்று விரைவாகச் சிதைக்கின்றன. சிதைவு தொடரத் தொடர, நீரில் மிஞ்சியிருக்கும் நச்சில் கார்பன்-13-இன் பங்கு கூடிக்கொண்டே போகும்.

மழைநீர் கலந்து நச்சு நீர்த்துப்போனாலோ, களிமண்ணில் ஒட்டிக்கொண்டாலோ இந்த விகிதம் குறிப்பிடத்தக்க அளவில் மாறுவதில்லை. பாலில் தண்ணீர் கலப்பதற்கும் பால் தயிராவதற்கும் உள்ள வேறுபாட்டைப் போன்றது இது. அளவுமானிக்கு இரண்டும் பால் குறைந்ததாகவே தெரியும்; ஐசோடோப்பு விகிதம்தான் எது நடந்தது என்று சொல்லும். மூல நச்சின் தொடக்க விகிதமும் கிணற்றில் உள்ள விகிதமும் தெரிந்தால், எத்தனை சதவீதம் சிதைந்திருக்கிறது என்பதையே கணக்கிட முடியும். இதற்கான விரிவான வழிகாட்டியை அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008-இல் வெளியிட்டது.

லிண்டேன் குடும்பத்துக்கு மேலும் சில தடயங்கள் உள்ளன. ஹெக்ஸாகுளோரோசைக்ளோஹெக்ஸேன் என்ற இச்சேர்மம் ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா எனப் பல வடிவங்களில் உள்ளது. இவற்றில் காமா வடிவமே லிண்டேன். பீட்டா வடிவம்தான் மிகவும் பிடிவாதமானது. நாளாக நாளாக மற்றவை குறைந்து பீட்டாவின் பங்கு கூடினால், சிதைவு நடக்கிறது என்பதற்கு அது ஓர் அறிகுறி. ஆல்ஃபா வடிவத்தில் வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வகை மூலக்கூறுகள் உண்டு. ஆலையிலிருந்து வெளிவரும்போது இரண்டும் சம அளவில் இருக்கும். மழைக்கும் மண்ணுக்கும் இரண்டும் ஒன்றுதான். நுண்ணுயிரியின் நொதிகள் பெரும்பாலும் ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும். சமநிலை குலைந்திருந்தால் அங்கு உயிர்களின் கைவரிசை இருக்கிறது என்று பொருள்.

இந்தத் துறையில் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்சிஜன் உள்ள சூழலில் இச்சேர்மத்தின் பல வடிவங்களைச் சிதைக்கும் மண் நுண்ணுயிரி ஒன்றை, கட்டாக்கில் உள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகள் 1990-இலேயே விவரித்தனர். டெல்லி பல்கலைக்கழகம் அதன் மரபணுக்களை ஆராய்ந்தது. லக்னோ அருகேயுள்ள லிண்டேன் கழிவுக் கிடங்கின் மண்ணும் விரிவாக ஆய்வு செய்யப்பட்டது. ஆய்வகத்தில் கிடைத்த அந்த அறிவு, மாசடைந்த இடங்களின் கண்காணிப்புத் திட்டங்களுக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

பருவமழை தரும் பொய்யான நம்பிக்கை

மேற்கத்திய வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவதில் இந்தியாவுக்கு ஓர் இடர் உண்டு. ஆண்டு மழையின் பெரும்பகுதி நான்கு மாதங்களில் கொட்டித் தீர்க்கும் நாட்டில், மே மாதம் எடுத்த மாதிரியையும் அக்டோபரில் எடுத்த மாதிரியையும் ஒப்பிட்டு நச்சு பாதியாகக் குறைந்துவிட்டது என்று கூறினால், அது மழையின் கணக்கு மட்டுமே. சில இடங்களில் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மழையில் நீர்மட்டம் உயரும்போது, மேல்மண்ணில் தங்கியிருந்த நச்சைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மழைக்குப் பிறகு கிணற்றில் அளவு கூடும். ஒரே கிணற்றில் மழைக்கு முன்னும் பின்னும், தொடர்ந்து பல ஆண்டுகள் எடுத்த மாதிரிகளில்தான் உண்மையான போக்கு தெரியவரும்.

நீரின் ஓட்டமும் இங்கு நிலையானது அல்ல. ஒரு தெருவில் புதிதாக நான்கு ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீர் இறைத்தால், நிலத்தடி நீர் அந்தப் பக்கம் திரும்பிவிடும். பெமிட்ஜியில் மணற்படுகை, மாசு ஏறக்குறைய ஒரே திசையில் சீராக நகர்ந்தது. மத்திய இந்தியாவின் கரிசல் மண்ணுக்கும் களிமண்ணுக்கும் கீழே இருப்பது விரிசல் விட்ட கடினப் பாறை. அதில் நீர் விரிசல்களின் வழியே போகும். அடுத்தடுத்த இரு கிணறுகளில் ஒன்று சுத்தமாகவும் மற்றொன்று நஞ்சாகவும் இருக்கலாம். ஒரு கிணற்றில் நச்சு மறைந்தால், அது சிதைந்ததா, வேறு விரிசலுக்கு மாறியதா என்ற கேள்வி எழும்.

இதனால்தான், இயற்கைச் சிதைவை ஒரு சீரமைப்பு முறையாக ஏற்க அமெரிக்க முகமை 1999-இல் வகுத்த கொள்கை, ஒற்றைச் சான்றோடு நின்றுவிடுவதில்லை. ஆண்டுக்கணக்கில் நச்சு குறைந்துவருவதைக் காட்டும் பதிவுகள் முதலில் வேண்டும். நிலவியலும் நீரின் வேதியியலும் அந்தச் சிதைவுக்கு ஏற்றவை என்று காட்ட வேண்டும். தேவைப்பட்டால், அந்த இடத்து நுண்ணுயிரிகளே அதைச் செய்கின்றன என்பதைக் கள ஆய்வு அல்லது ஆய்வகச் சோதனை மூலம் நேரடியாக நிறுவ வேண்டும். இதற்கெல்லாம் முன்பு மாசின் ஊற்றுக்கண் அடைக்கப்பட வேண்டும் என்பதையும் அந்தக் கொள்கை வலியுறுத்துகிறது. போபாலில் 337 டன் போனது. 11 லட்சம் டன் என மதிப்பிடப்பட்ட மண்ணோ சீரமைப்புக்காகக் காத்திருக்கிறது. மேலிருந்து நச்சு இறங்கிக்கொண்டிருக்கும்வரை, கீழே எவ்வளவு சிதைகிறது என்ற கணக்கு முடிவடையாது.

புதிய விதிகளும் பழைய இடைவெளியும்

மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் தனி விதிகளை வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிடுவது, மாநில வாரியம் ஆய்வு செய்வது, மாசுபடுத்தியவரைக் கண்டறிந்து செலவை ஏற்கச் செய்வது என ஒவ்வொரு கட்டமும் அதில் வரையறுக்கப்பட்டுள்ளது. நாடு முழுவதும் 103 இடங்கள் மாசடைந்தவை என அடையாளம் காணப்பட்டிருந்தாலும், 7 இடங்களில் மட்டுமே சீரமைப்புப் பணி தொடங்கியிருப்பதாக அப்போது தெரிவிக்கப்பட்டது. இதுவரை சட்டக் கட்டமைப்பே இல்லாத ஒரு துறையில் இது முக்கியமான முன்னேற்றம்.

ஆனால் விதிகளை நடைமுறைப்படுத்தத் தேவையான தரவு எங்கிருந்து வரும் என்ற கேள்வி நிற்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் 15,000-க்கும் மேற்பட்ட இடங்களில் நீரின் தரத்தைச் சோதித்து 2024-இல் ஆண்டறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ 20 சதவீத மாதிரிகளில் நைட்ரேட் வரம்பை மீறியிருப்பதை அந்த அறிக்கையே நாட்டுக்குச் சொன்னது. நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக், இரும்பு, யுரேனியம், உவர்த்தன்மை ஆகியவைதான் இந்தக் கண்காணிப்பின் மையம். கரைப்பான்களும் பூச்சிக்கொல்லிகளும் பெட்ரோலியச் சேர்மங்களும் இந்த வழக்கமான வலைக்குள் வருவதில்லை. எங்காவது புகார் எழுந்தால், நீதிமன்றம் கேட்டால், அப்போது ஓர் ஆய்வு நடக்கிறது. அறிக்கை அளிக்கப்பட்டதும் கிணறுகள் மறக்கப்படுகின்றன.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் பெட்ரோலிய எண்ணெய் கலந்து வந்தபோதும், விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. எண்ணெய் வாடை மூக்கிலேயே அடித்ததால் அங்கு மக்கள் உடனே விழித்துக்கொண்டனர். ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம் கார்பன் டெட்ராகுளோரைடுக்கு நிறமும் கிடையாது, உணரக்கூடிய வாடையும் கிடையாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரநிலை, ஆல்ஃபா வடிவ ஹெக்ஸாகுளோரோசைக்ளோஹெக்ஸேனுக்கு ஒரு லிட்டரில் 0.01 மைக்ரோகிராம் என வரம்பு வைத்துள்ளது. அந்த அளவைத் துல்லியமாகக் காணும் கருவி எல்லா மாவட்ட ஆய்வகங்களிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஐசோடோப்பு ஆய்வு இந்தியாவுக்குப் புதிதல்ல. பாபா அணு ஆராய்ச்சி மையமும் ரூர்க்கியில் உள்ள தேசிய நீரியல் நிறுவனமும் நிலத்தடி நீரின் வயதையும் அது வந்த வழியையும் அறிய அணுக்களின் எடையைப் பல பத்தாண்டுகளாக அளந்து வருகின்றன. அதே திறனை, நீரில் கரைந்த ஒவ்வொரு நச்சுச் சேர்மத்துக்கும் தனித்தனியாகப் பயன்படுத்தக் கூடுதல் கருவிகளும் பயிற்சியும் தேவை. 11 லட்சம் டன் மண்ணைத் தோண்டிக் கையாளும் செலவோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறியது. எந்த இடத்தில் தோண்டியே ஆக வேண்டும், எந்த இடத்தை இயற்கையிடம் விட்டுக் கண்காணித்தால் போதும் என்று பிரித்துக் காட்டும் தகவல் அதிலிருந்துதான் கிடைக்கும்.

ஆபத்து வேறொரு திசையிலும் இருக்கிறது. சீரமைப்புச் செலவை ஏற்க வேண்டிய நிறுவனத்துக்கு, ‘இயற்கையே சிதைத்துவிடும்’ என்ற வாதத்தைவிட மலிவான பதில் கிடையாது. நிதி இல்லாத அரசுத் துறைக்கும் அது வசதியானது. தோண்டவும் வேண்டாம், இறைத்துச் சுத்திகரிக்கவும் வேண்டாம். அறிக்கையில் ஒரு வரி போதும். புதிய விதிகளின்கீழ் தயாராகும் சீரமைப்புத் திட்டங்களில் இந்த வரி இடம்பெறும்போது, அதனுடன் எந்தெந்தக் கிணறுகளில், எத்தனை ஆண்டுகள், எந்தெந்தச் சேர்மங்கள் அளக்கப்படும், சிதைவு எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் எந்த நாளில் மாற்றுத் திட்டம் தொடங்கும் என்ற விவரங்களும் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை மாநில வாரியங்கள் பார்க்க வேண்டியிருக்கும்.

போபாலில் ஆலையைச் சுற்றிய குடியிருப்புகளில் மாசு கண்டறியப்பட்டவற்றின் எண்ணிக்கை 22-இலிருந்து 42 ஆக உயர்ந்துள்ளதாக, லக்னோவில் உள்ள இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளை மேற்கோள் காட்டி, பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் கூறுகின்றன. நச்சு உண்மையிலேயே அவ்வளவு தூரம் நகர்ந்ததா, அல்லது முன்பு சோதிக்காத கிணறுகள் இப்போது சோதிக்கப்பட்டதால் எண்ணிக்கை கூடியதா என்பதைப் பிரித்தறிய, ஒரே கிணறுகளில் பருவந்தோறும் எடுத்த தொடர் பதிவு வேண்டும். உச்ச நீதிமன்றம் குழாய் நீருக்கு உத்தரவிட்ட 2004-இலேயே அந்தப் பதிவு தொடங்கியிருந்தால், இன்று 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கு கையில் இருந்திருக்கும்.